எனக்கு வக்கீல் வேணும்

அப்பாவின் சவப்பெட்டி மூடியைச் சாத்தப்போன கையை ரெனீட்டா பிடித்து நிறுத்தினாள். "தம்பி வரட்டும்."

தம்பி வந்துதான் இருந்தான். சர்ச் வாசலிலேயே அவன் கையைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டியிருந்தார் துப்பறியும் அதிகாரி கெஸ்லர். மிசிசிப்பி வெயிலில் ஊரே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அப்பன் சாவுக்கு வந்தவனைப் பிடிக்க அந்த மனுஷனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை!

ரெனீட்டா வாசலுக்கு ஓடினாள். பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்று உரிமைகளையெல்லாம் கெஸ்லர் கடகடவென்று ஒப்பித்து முடித்திருந்தார். முடித்த கையோடு குரலில் தேன் தடவினார்.

"பெட்ரோல் பங்க்ல அன்னிக்கு ராத்திரி உன்கூட எவன் இருந்தான்? அத மட்டும் சொல்லு செட்ரிக். விலங்கக் கழட்டறேன், போய் அப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வா."

கொள்ளை நடந்த ராத்திரி செட்ரிக் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கால்மாட்டில் இருந்தான். ரெனீட்டாவே அங்கே பார்த்திருந்தாள். பார்த்து என்ன செய்ய?

செட்ரிக் உள்ளே எட்டிப் பார்த்தான். "வக்கீல் வெச்சுக்கிட்டா நல்லதோ என்னவோ..."

"'என்னவோ'ன்னா வக்கீல் கேட்டதா ஆகாது தம்பி" என்றார் கெஸ்லர். "பெட்டிய மூடப்போறாங்க பாரு."

ரெனீட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவும் வாலிபத்தில் இப்படித்தான், 'நான் ஒண்ணும் பண்ணல, பேசினா என்ன' என்று வாயைத் திறந்தார். எவனோ செய்த திருட்டுக்கு ஒன்பது வருஷம் உள்ளே கிடந்தார்.

"டேய், நேரா கேளுடா. வழவழன்னு பேசாத."

"கேட்டா அப்பாவப் பாக்க விடமாட்டாங்கக்கா."

"ஆமா, நேரா வண்டிதான்" என்றார் கெஸ்லர்.

"உங்கிட்ட யாருய்யா பேசினா?" என்றாள் அவள். "செட்ரிக், அப்பா பேசினதே போதும்டா நம்ம குடும்பத்துக்கு."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "எனக்கு வக்கீல் வேணும். அவர் வராம ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"ஆமென்!" என்றாள் கடைசி வரிசையில் மிஸ் ஓரா. நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அந்தச் சபையில் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். "இன்னொரு தடவ சொல்லு, மகனே!"

சொன்னான், இந்த முறை கத்தி. "ஆமென்!" என்று மொத்த சபையும் எழுந்தது. ஆர்கன்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கட்டையை அமுக்கிவிட்டார்.

வக்கீல் கேட்டவனிடம் கெஸ்லர் இனிமேல் எதுவும் கேட்கக்கூடாது. முகம் சிவந்து செட்ரிக்கின் தோளைப் பிடித்தார். "ஏறு வண்டில."

"அவன் உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான?" ரெனீட்டா திரும்பினாள். "பெட்டிய இங்க தள்ளிட்டு வாங்க!"

சக்கரத்தில் வைத்திருந்த பெட்டியை நடுவழியே மெதுவாகத் தள்ளி வந்தார்கள். பின்னாலேயே ஜனம் வந்து படியெல்லாம் நிறைந்து நின்றது. யாரும் விலகவில்லை. கெஸ்லர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

செட்ரிக் குனிந்து அப்பாவின் மேல் முகத்தை வைத்தான். வெகு நேரம் கழித்து நிமிர்ந்தபோது அப்பாவின் டை கோணியிருந்தது. அவன் கைகள் பின்னால் விலங்கில் இருந்தன. ரெனீட்டா டையை நேராக்கிவிட்டாள்.