மீதி நாலு காசு

நான்கு வருஷமாக அந்தப் பெண் மில் நிறுத்தத்தில் ஏறுகிறாள். கண்டக்டரின் உள்ளங்கையில் ஒரே ஒரு பெரிய காசை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுகிறாள். டிக்கெட்டும் ஒரு காசு, கொடுப்பதும் ஒரு காசு. அப்புறம் பேச என்ன இருக்கிறது? "எங்க போகணும்?" என்று கேட்கக்கூட வழியில்லை, பாவம். அவள் இறங்குவது ஆஸ்பத்திரி வாசல் என்பது பஸ்ஸுக்கே தெரியும். டிரைவர் கண்டக்டருக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தார்.

அப்போதுதான் அரசாங்கம் காசை மாற்றியது. பழைய காசு ஒன்றுக்குப் புதுசு ஆறேகால். அந்தக் கால் காசை எங்கே போய் வெட்டுவது? ஒன்றுக்கு ஆறு, இரண்டுக்குப் பன்னிரண்டு, மூன்றுக்கு மட்டும் பத்தொன்பது என்று அட்டவணை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். எந்த மகராசன் போட்ட கணக்கோ! கண்டக்டர் அதைத் தூக்கத்திலும் முணுமுணுத்தான். கனவில் புதுக் காசுகள் பனியில் மிதந்து வந்தன. பிடித்தால் கையில் எடையே இல்லை.

விடிந்தும் அந்தப் பனி கலையவில்லை. புதுக் காசுக்கு முதல் நாள். அந்த ரூட்டில் அவனுக்குக் கடைசி நாள். காசோடு சேர்த்து ஆட்களையும் மாற்றினால்தான் டிப்போ மேனேஜருக்குச் சோறு இறங்கும்போல. இன்றைக்குப் பேசாவிட்டால் ஜென்மத்துக்கும் இல்லை.

வெள்ளை வெளேரென்ற பனிக்குள் பஸ் ஊர்ந்தது. மரங்கள் பாதி தெரிந்து, பாதி கரைந்து போயின. அவள் ஏறினாள், பத்துக் காசை நீட்டினாள்.

டிக்கெட் ஆறு. நாலு காசை எண்ணி வைத்தால் கதை முடிந்தது. டிப்போவில் ஒற்றைக் காசாக இருநூறு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தோல்பை தோளை இழுத்தது.

"சில்லறை இல்லைங்க," என்றான். "இறங்கும்போது வாங்கிக்கங்க."

சொல்லிவைத்தாற்போல பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பை கலகலவென்று குலுங்கியது. டிரைவர் ஒரு இருமல் இருமினார் பாருங்கள், அது இருமலே இல்லை.

அவள் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். டிக்கெட்டின் பின்னால் "மீதி 4" என்று எழுதிக் கொடுத்தான். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்தே வழி தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல். அவள் படியருகே வந்து நின்றாள். எல்லாம் போச்சு, கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதான் என்று அவன் பைக்குள் கையை விட்டான்.

"இருக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கிறேன்," என்றாள்.

"நாளைக்கு நான் இந்த பஸ்ல இல்லைங்க. ரூட்டை மாத்திட்டாங்க."

"எந்த ரூட்டு?"

"துறைமுகம். காலைல ஆறு மணி வண்டி."

"அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லையே."

அவன் முகம் விழுந்துவிட்டது. அவள் பனிக்குள் இறங்கி நின்று திரும்பினாள்.

"அதுக்காக நாலு காசை விட முடியுமா? ஆறு மணிக்கு வந்து நிக்கிறேன்."