பிள்ளைத்தாச்சி இருந்த வீடு

பதிவுத் தபாலைப் பாஞ்சாலை வாங்கவில்லை. தபால்காரர் உறையை நீட்டியபோது ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தனக்கு வேண்டாம் என்றாள். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் வக்கீல் வைத்து அனுப்பிய நோட்டீஸ் அது என்று தெரியும். வாங்கினால்தானே வம்பு. தபால்காரர் உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார். மறுத்தாலும் வாங்கினதாகத்தான் கணக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ராஜமாணிக்கத்துக்கு வக்கீல் சொல்லியிருந்தார்.

பாக்கி உண்மைதான். ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் பாஞ்சாலை பாத்திரம் கழுவினாள். வெயில் ஏறி வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டால் கடையை மூடிவிடுவார்கள். ஐப்பசியில்தான் திறப்பார்கள். நடுவில் சித்தாள் வேலைக்குப் போனாள். அந்தக் கூலி வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போயிற்று. அட்வான்ஸும் கழிந்து தீர்ந்தது. ராஜமாணிக்கத்துக்குப் பாக்கிகூடப் பெரிதில்லை, வீடுதான் வேண்டும். செங்கம் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம், வாசலில் நின்றால் மலை. டைல்ஸ் போட்டு ஏசி மாட்டிவிட்டால் கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்கள் கேட்ட வாடகையைக் கொட்டுவார்கள்.

பாஞ்சாலையின் தைரியமெல்லாம் மகள் கவியாவின் வயிற்றில் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு கல்நெஞ்சுக்காரனும் அந்தப் பாவத்துக்குப் பயப்படுவான். பிரசவம் முடிந்து, சீசனும் தொடங்கிவிட்டால் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டு அதே வீட்டில் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நோட்டீஸ் திரும்பிப் போன பிறகு ராஜமாணிக்கமே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினார்.

"எனக்கும் புள்ளகுட்டி கீது பாஞ்சால. புள்ளத்தாச்சி இந்த வூட்ல இருக்கிற வரிக்கும் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நீ நிம்மதியா இரு."

பாஞ்சாலை கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாதவர் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

அவர் மனைவி கஸ்தூரி அதற்கும் மேல். புளிசாதம் கிளறிக்கொண்டு வந்து கவியாவுக்குக் கொடுத்தாள். கையில் பச்சை வளையல் போட்டுவிட்டாள். டாக்டரம்மா எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று வாரா வாரம் விசாரித்தாள். பெற்றவளுக்கு இருக்கிற அக்கறை இந்த அக்காவுக்கும் இருக்கிறதே என்று பாஞ்சாலைக்குக் கண் கலங்கியது.

வலி கண்டது விடிகாலையில். ஆட்டோ வந்து நின்றபோது கஸ்தூரி தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்தாள். கவியாவின் தலையைத் தடவினாள். பிறகு பாஞ்சாலையிடம் கையை நீட்டினாள்.

"நீ வர நாலஞ்சு நாளாவும். வூடு இருட்டா கெடக்கக் கூடாது. சாவிய குடு, நான் வெளக்கேத்தறேன்."

பாஞ்சாலை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். நல்ல மனுஷி என்றுதான் ஆட்டோவில் போகும்போதும் சொல்லிக்கொண்டு போனாள்.

பெண் குழந்தை பிறந்தது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோ சந்துக்குள் திரும்பும்போதே உளிச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் இரண்டு ஆட்கள் பழைய தரையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். கட்டில், அண்டா, துணி மூட்டை, அடுப்பு எல்லாம் தெருவோரம் நீலத் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. சாமி படத்தை மட்டும் மேலே நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

பாஞ்சாலை இறங்கி ஓடினாள். என்ன கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ராஜமாணிக்கம் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று, குழந்தை பயந்துகொள்ளும், மெதுவாகப் பேசு என்றார். திரும்பி வந்த உறையைக் காட்டினார். ஸ்டேஷனிலும் சொல்லி வைத்தாயிற்று என்றார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வரிக்கும்னு நீங்கதானண்ணா சொன்னீங்க."

"சொன்னேன். மீறலயே. புள்ளத்தாச்சி இருந்தப்ப நான் வாயத் தொறந்தனா? நீயே சொல்லு. இப்ப ஏது புள்ளத்தாச்சி?"

"பச்ச ஒடம்புக்காரிண்ணா. ரோட்ல நிறுத்தினீங்கன்னா எங்க போவா?"

"ரோட்ல எங்க நிக்குது? அதான் ஆட்டோல உக்காந்துகினு கீதே."

கொத்துகிற ஆட்களில் ஒருவன் சிரித்தான். அவள் ராஜமாணிக்கத்தின் காலைத் தொடக் குனிந்தாள். கேட்டின் கம்பிதான் கைக்கு எட்டியது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, வீட்டில் தீப விரதம், தீட்டோடு தொட்டுவிடாதே என்றார்.

கஸ்தூரி ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள். பிறந்த குழந்தை வாசல் வரைக்கும் வந்துவிட்டு ஆரத்தி எடுக்காமல் போகக் கூடாது என்றாள். ஆட்டோவுக்குள் எட்டி மூன்று சுற்றுச் சுற்றினாள். பொட்டு வைக்க விரலை நீட்டியபோது, கவியா பழக்கத்தில் தலை குனிந்து நெற்றியைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அழுதாள். முதல் தடவை முகம் பார்ப்பதால் குழந்தையின் துணிக்குள் ஒரு பத்து ரூபாய்த் தாளையும் செருகினாள் கஸ்தூரி.

சிவப்புத் தண்ணீரை ஆட்டோவுக்கு முன்னால், சந்தின் குறுக்கே ஊற்றினாள்.

"ஆரத்திய மிதிக்கக் கூடாதுப்பா, கொழந்தைக்கு ஆவாது. அப்படியே ரிவர்ஸ்லயே போயிடு."

டிரைவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி வண்டியை எடுத்தான். பாஞ்சாலை சாமி படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவோடு நடந்தாள்.