கணித்தமிழ்க் காவலரின் மூன்று மேற்கோள் குறிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குத் தந்தது சரஸ்வதி அல்ல, ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. சின்னமனூரில் எங்கள் படிப்பகத்து வாசலில் இப்போதும் தொங்குகிறது. வாசகம் நான் எழுதிக்கொடுத்தது. அதில் ஒரு பிழை இருக்கிறது; பிறகு சொல்கிறேன்.

கதையை இப்படித்தான் தொடங்கினேன்: “மேகமலையின் முகடுகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த…”

வேண்டாம். அப்போது காலை பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது.

2

படிப்பகத்தில் இருப்பது ஒரே கணினி. லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடுகிறது. பார்த்துக்கொள்பவள் வேல்விழி. அதன் திரைச் செய்திகளைத் தமிழாக்கியவளும் அவளே. அதற்குச் சால்வை வாங்கியவர் மட்டும் படிப்பகத் தலைவர் ஞானசிகாமணி. (அவரும் ஒரு சொல் மொழிபெயர்த்தார். மவுஸை ‘மவுசு’ என்றார்.)

கணினியைப் போட்டதும் முதலில் கண்விழிப்பது பூட் லோடர் என்கிற சின்ன நிரல். ‘லினக்ஸ் ஏறுகிறது’ என்று ஒரு வரி காட்டிவிட்டு மற்றதையெல்லாம் எழுப்பும். அந்த வரியின் மேல் தலைவருக்குக் கண்.

“மொத வரியில நம்ம பேரு வரணும்த்தா. பட்டத்தோட.”

“எப்பிடிப் போடணும்ங்கய்யா?”

“வாசல்ல போர்டு இருக்குல்ல? அதுல உள்ளபடி. ஒரு புள்ளி மாறக் கூடாது.”

மாறவில்லை:

'கணித்தமிழ்க் காவலர்' 'வள்ளல் ஞானசிகாமணி வழங்கும் லினக்ஸ் ஏறுகிறது

எண்ணிப் பாருங்கள், மூன்று மேற்கோள் குறிகள். நம் பக்கத்தில் மேற்கோள் குறி இல்லாத பட்டம் பட்டமே அல்ல, வெறும் பாராட்டு. வள்ளலுக்குப் பின்னால் வரவேண்டிய நான்காவதை நான் விட்டுவிட்டேன். [சொன்னேன் அல்லவா, அந்தப் பிழை.] போர்டைப் பார்த்த ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கணினி கவனித்தது. பூட் லோடரின் அமைவுக் கோப்பில் ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அதே குறிதான். திறந்ததை மூடவில்லையென்றால் கோப்பின் மிச்சத்தையும் வள்ளலின் பெருமையாகவே அது படித்துக்கொண்டு போகும். மறுநாள் காலை கறுப்புத் திரை. ‘தொடரமைப்புப் பிழை.’

3

அன்றைக்கென்று மேகமலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து முனீஸ்வரி இறங்கி வந்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அதுவே கடைசி நாள். மலைக்குத் திரும்பும் பஸ் இரண்டரைக்கு. அவள் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது அந்தக் கணினிக்குள்; அசல்கள் பள்ளிக்கூடத்துப் பீரோவில்.

[இவளை எனக்கே நம்ப முடியவில்லை. ஏழைப் பெண், மலை, கடைசி நாள். கண்ணீர் கறப்பதற்கென்றே எழுத்தாளன் வளர்த்த மாடு மாதிரி இருக்கிறாள். ஆனால் அவள் அழவில்லை.]

“அக்கா, இது எந்திரிக்குமா?”

“எந்திரிக்கும் முனீசு. ஐயா பேரு குறுக்க கெடக்கு. எடுத்துட்டா எந்திரிச்சிரும்.”

பின்னால் நின்ற ஞானசிகாமணி பதறிப்போனார். “ஏத்தா, பேரை எதுக்கு எடுக்குற? வேற வழி பாரு.”

“விட்டுப்போன கொட்டேசன மட்டும் போட்டாலும் ஏறும்ங்கய்யா. ஆனா நாலையும் அதுவே தின்னுட்டு, பட்டத்த மொட்டையாத்தான் காட்டும்.”

“கொட்டேசன் இல்லாமயா? அப்ப நான் வெறும் ஆளாயிருவேன்ல?”

“தாத்தா,” என்றாள் முனீஸ்வரி, “எங்க லயத்துக் கோழிக்கு மகாராணின்னு பேரு. அது இன்னைக்கு வரைக்கும் கொட்டேசன் கேட்டதில்ல. முட்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

4

முடிவு அ: ஞானசிகாமணி திருந்துகிறார். “என் கண்ணைத் தொறந்துட்ட தாயி…”

அடித்துவிட்டேன். எழுபது வருஷம் திறக்காதது ஒரு கோழிக்கா திறக்கும்?

முடிவு ஆ: பஸ் போய்விடுகிறது. முனீஸ்வரி மலையைப் பார்த்தபடி…

இலக்கியத்தரமாக இருக்கும். பரிசுகூடக் கிடைக்கும். அதையும் அடித்துவிட்டேன்.

ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை ‘வாசகரே முடிவு செய்க’ என்று விட்டுவிடும் அளவுக்கு நான் பெரிய எழுத்தாளன் இல்லை. நடந்ததையே சொல்கிறேன். வேல்விழி அந்தக் கறுப்புத் திரையிலேயே மூன்று கட்டளைகளைக் கையால் தட்டினாள். தலைவரின் வரியைத் தாண்டிக் குதித்து லினக்ஸ் எழுந்தது. ஒன்றேகாலுக்கு விண்ணப்பம் போய்விட்டது. முனீஸ்வரிக்குப் பஸ்ஸில் ஜன்னலோரமே கிடைத்தது.

5

மிச்சமிருப்பது அந்த வரி. அணைத்துப் போட்டால் மறுபடியும் படுத்துக்கொள்ளும். வேல்விழி எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, போர்டு எழுதுனது நீங்கதான? நாலாவதைப் போட்டு விடவா, இல்ல வரியவே தூக்கிரவா? ஐயா இங்கனதான் நிக்கிறாக. நீங்க சொன்னா கேட்டுக்கிருவேங்கிறாக.”

இதில் எனக்கும் ஒரு சிக்கல். ஏனென்றால் அடுத்த மாதம் என் நூல் வெளியீட்டுக்குத் தலைமை அவர்தான். மேடையில் எனக்கும் ஒரு பட்டம் வைத்திருப்பதாகக் காதோடு சொல்லியிருந்தார். மேற்கோள் குறியோடு.

நான் சொன்ன பதிலைக் கீழே தொடங்கிவிட்டேன். திறந்தது நான், மூட வேண்டியவர் நீங்கள். அதுவரை அந்தக் கணினி மாதிரி நானும் காத்துக்கிடக்கிறேன்.

“வேல்விழி, நீ ஒண்ணு பண்ணும்மா, அந்த வரிய