இடது காலுக்கு வேலை இல்லை

பதினோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவளிடம் வந்து, உனக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. அதுவும் சொன்னது யார்? வேன் நான்கு நிமிடம் தாமதமானால் நான்கு மெசேஜ் போடும் பார்கவி மேடம். அவர் மகளை மூன்று வருடம் நிக்டி காலனி வாசலில் ஏற்றி இறக்கியவள் நான். ஒரு நாளாவது "எஸ்தர், சௌக்கியமா?" என்று கேட்டதில்லை. கேட்பதெல்லாம் "எங்க வந்துட்டிருக்கீங்க?" மட்டும்தான்.

இந்த மராத்தி ஊரில் சாயங்காலம் பிம்ப்ரி சிக்னலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் பஸ், இரண்டு பக்கமும் பைக், பின்னால் ஹாரன். உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள், அதில் ஒன்று கட்டாயம் வாந்தி எடுக்கும். அதற்கு நடுவில் வேனை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு வந்தது என் இடது கால்தான். முழுதாக மிதிப்பதும் கிடையாது, முழுதாக விடுவதும் கிடையாது. அந்த ஹாஃப் கிளட்ச் எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

மார்ச் மாதம் பள்ளிக்கூடம் சொந்தமாகப் பஸ்கள் வாங்கியது. வேன்காரர்களுக்கு ஆளுக்கொரு ஸ்வீட் டப்பா கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஆண்டனி சும்மா இருப்பாரா? தன் கம்பெனி கேன்டீனில் பேசி, சப்பாத்தி போடும் இடத்தில் எனக்கு ஒரு வேலை பிடித்துவிட்டார். ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை சேர வேண்டும்.

"வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. பக்கத்துலயே வேலை. வேற என்ன வேணும் ஒனக்கு?" என்றார்.

சப்பாத்தி போடுவது மட்டம் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கான வேலை இல்லை, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் நான் நானாக இருக்கிறேன். அதை விட்டுவிட்டால் மறுபடி பிடிக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது. இதை ஆண்டனியிடம் சொன்னால் "சரி, சாப்டு" என்பார். அதனால் சொல்லவில்லை.

அப்போதுதான் பார்கவி மேடத்தின் போன் வந்தது. முல்ஷி மலைக்கு மேலே இருக்கும் குடியிருப்புகளுக்கு ஓர் அறக்கட்டளை மருத்துவ ஜீப் அனுப்புகிறது. அதற்கு ஓட்டுநர் வேண்டும். வழியில் பாதி தார்ச் சாலை, பாதி வெறும் பாறை. அந்தப் பாறையிலேயே வைத்துத் தேர்வு, ஜூன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கேன்டீனுக்கு முந்தின நாள்.

"எங்க க்ரூப்ல ஞாயித்துக்கெழம பாறையேத்தம் போவோங்க்கா. நான் சொல்லித் தர்றேன். மூணு வாரம் இருக்குது" என்றார். அவருக்கு ஊர் கோயம்புத்தூர். ஐ.டி. வேலை. பாறையில் ஜீப் ஏற்றுகிறவர் என்று மூன்று வருடத்தில் எனக்குத் தெரியவே தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோடு தாண்டி ஒரு கைவிட்ட கல்குவாரிக்குப் போனோம். அவருடையது பழைய டீசல் ஜீப், நான்கு சக்கரமும் இழுக்கும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர். அதை லோவில் போட்டால் வண்டி ஆமை வேகத்தில் போகும், ஆனால் யானை பலத்தில் இழுக்கும். டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்தார். எனக்கு மனசே ஒப்பவில்லை, டயரில் காற்றில்லாமல் வண்டி எடுத்தவளா நான்?

"கட்டை விரலை ஸ்டீயரிங்குக்கு வெளியே வெய்யுங்க்கா. கல்லு மோதுனா ஸ்டீயரிங் சுத்தி அடிச்சிரும். அப்பறம், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல கல்லை விடாதீங்க. சக்கரத்தைக் கல்லு மேலயே ஏத்துங்க."

"கல்லு மேல ஏத்தவா? வெலக்கித்தானே போவணும்?"

"ரோட்டுல விலக்கலாம். இங்க நடுவுல விட்டீங்கன்னா அடி வயிறு மாட்டிக்கும். டயர் ஒசந்தா வண்டியும் ஒசருமில்லீங்க்கா."

அதுகூடச் சரி, புத்திக்குப் பட்டது. முழங்கால் உயரப் பாறை ஒன்றின் முன்னால் போய் நின்றேன். முதல் கியர். முன் சக்கரம் பாறையைத் தொட்டது, என் இடது கால் வழக்கம் போல் பாதிக் கிளட்சுக்குப் போனது. வண்டி ஏறவில்லை. இன்ஜின் அலறியது. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தேன், கிளட்சைப் பிடித்தேன், மறுபடி கொடுத்தேன். தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது.

"காலை எடுங்க! எடுங்க்கா!"

"எடுத்தா வண்டி நின்னுரும்லா!"

"நிக்காதுங்க்கா. லோவுல இருக்குது. அதுவா நடக்கும்."

"பதினோரு வருஷமா ஓட்டுதேன். எனக்குத் தெரியாதா?"

மேடம் எட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"அக்கா, உங்களுக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியல" என்றார். "விடத் தெரிஞ்சாத்தான் பிடிக்கத் தெரியும்னு அர்த்தம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நான் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இனிமேல் போகப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து கிளம்பிவிட்டேன். ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது.

இந்த முறை மேடம் புது வைத்தியம் ஒன்று வைத்திருந்தார். சமதளமான பாறையில் வண்டியை உருள விட்டதும், என் இடது காலை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டுக்குச் சம்மணம் போடுவதில் பாதி. டிரைவர் சீட்டில் யாராவது அப்படி உட்காருவார்களா? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மூன்று வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கால் இல்லாமல் போனதும் வண்டி தானாக நடந்தது. ஆக்ஸிலேட்டர்கூடத் தொடவில்லை. சின்னக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடி மிதித்து, குலுங்கி, ஏறி, இறங்கிப் போனது. நான் செய்ய வேண்டியது ஸ்டீயரிங்கைத் திருப்புவது மட்டும்தான். இத்தனை வருடம் என்னால்தான் வண்டி ஓடுகிறது என்று நினைத்திருந்தேனே, அது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அதற்குப் பிறகு காலைக் கீழே வைத்தே ஏறப் பழகினேன். ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லித் தந்தார். கிளட்சைத் தொடக் கூடாது. தொட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோகும், வண்டி பின்னால் உருளும். பிரேக்கில் கால், முதல் கியரில் வண்டி, அப்படியே சாவியைத் திருக வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் தள்ளும். பிரேக்கை மெல்ல விட்டால் போதும். மூன்றாவது ஞாயிறு முழுக்க அதைத்தான் செய்தோம். பத்தில் ஏழு முறை சரியாக வந்தது. மூன்று முறை இந்தப் பாழாய்ப்போன கால் கிளட்சுக்குத் தாவியது.

"பத்துல ஏழு போதுமா?" என்று கேட்டேன்.

"தேர்வுல ஒரே ஒரு தடவைதானுங்க்கா" என்றார். அது ஆறுதலா, பயமுறுத்தலா, தெரியவில்லை.

தேர்வு நாளில் விடியற்காலையே தூறியிருந்தது. கருங்கல் பளபளவென்று ஈரமாக இருந்தது. மேடம் என்னை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுத் தன் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். கூட வந்தால் நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் டூரிஸ்ட் டாக்சி, ஒருவர் டிராக்டர். ஓய்வு பெறப்போகும் ஓட்டுநர் ஷிந்தே மருத்துவ ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆனால் தேர்வு நடத்துவது அவர் இல்லையாம். நோயாளி படுக்கும் பின் பலகையில் நர்ஸ் கிரிஜா பெல்ட் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்துக்கொள்வார். இந்த வேலைக்கு ஆள் எடுப்பது எப்போதும் இப்படித்தான். ஓட்டத் தெரியுமா என்று சொல்ல வேண்டியது படுத்திருக்கிறவர்தான் என்று ஷிந்தே மராத்தியில் விளக்கினார்.

டாக்சிக்காரர் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார். டிராக்டர்காரர் இன்னும் வேகம். இருவரும் ஏறும்போது ஒரு முறைகூட வண்டி நிற்கவில்லை. மேலே போனதும் கிரிஜா சிஸ்டர் இரண்டு தடவையும் இறங்கி, ஓரமாக நடந்தே கீழே வந்தார்; வண்டி அவர் இல்லாமல் பின்னால் இறங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் முறை. லோ. முதல் கியர். கிளட்சை விட்டேன், முழுதாக விட்டேன். முதல் கற்கள் எல்லாம் நல்லபடியாகக் காலடியில் போயின. நடுவில் முழங்கால் அளவுக்கு ஒரு படிக்கட்டுப் பாறை. வலது சக்கரம் ஏறியது. இடது சக்கரம் ஈரத்தில் சறுக்கியது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். இன்ஜின் செத்தது.

கீழே யாரோ விசில் அடித்தார்கள். எனக்குச் சப்பாத்தி மாவின் வாசனைகூட வந்தது, பொய் சொல்லவில்லை. முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். இடது கால் தானாகக் கிளட்சுக்குக் கிளம்பியது. பின்னால் ஒருத்தி படுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. காலைத் தரையில் அழுத்தி வைத்தேன்.

சாவியைத் திருகினேன். வண்டி ஒரு விக்கல் விக்கியது. இன்னொன்று. பிரேக்கை மெல்லத் தளர்த்தினேன். சக்கரம் ஒரு விரல் அளவு முன்னால் போய்ப் பாறையைப் பற்றியது. இன்ஜின் உயிர்பெற்றது. படிக்கட்டின் மேல் வண்டி நிதானமாக ஏறி உட்கார்ந்து, அந்தப் பக்கம் நகர்ந்தது.

மேலே போய் நிறுத்தினேன்.

"இன்ஜின் நின்றுபோனது, சிஸ்டர். என் தப்புதான்" என்று மராத்தியில் சொன்னேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"நின்றது, தெரியும்" என்றது பின்னாலிருந்து குரல். "ஆனால் பின்னால் போகவில்லை. அந்த இருவரும் நிற்கவே இல்லை, என் மண்டை இரண்டு முறை பலகையில் இடித்தது. இந்த வண்டியில் கொண்டுபோவது பிள்ளைத்தாய்ச்சிகளை."

அவர் இறங்கக் கதவைத் திறப்பார் என்று காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, தலைக்குக் கீழே கையை மடித்து வைத்து, வசதியாகப் படுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கிறீர்கள்? கீழே இறக்குங்கள். நாளைக்கும் இதே வழிதான் வர வேண்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷிந்தே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்து, முதல் கியரைப் போட்டு, இறங்க ஆரம்பித்தேன்.