கட்டுப்பாட்டுக் குழுவில் ஹமீதா பானு

குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி, பூண்டி மாதாவையும் சாட்சிக்கு வைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

தொண்ணூற்றாறில் தஞ்சாவூரில் உளவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கிளமென்ட்டிடம் ஒரு கருதுகோள் இருந்தது. மெய்யா என்று இன்னும் தெரியாத ஒன்றை, தெரிந்தவன் மாதிரி முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் கருதுகோள் என்று பெயர். துபாயில் இருக்கும் கணவனின் குரலைத் தினமும் கேட்டால் ஊரிலிருக்கும் மனைவிக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்பது அவனுடையது.

திருக்காட்டுப்பள்ளியில் துபாய்க்காரர் வீடுகளாகப் பார்த்து மாதிரி எடுத்தான். நெல் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறோமே, அதுதான் மாதிரி. துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் மூலம் கணவர்கள் பேசிய கேசட்டுகளும் வந்துசேர்ந்தன. சீட்டுக் குலுக்கினான். பாதிப் பெண்களுக்குக் கணவன் பேசிய கேசட். மீதிப் பேருக்கு வெற்றுக் கேசட். "உங்க வீட்டுக்காரர் அனுப்பினதுங்க" என்று எல்லாரிடமும் ஒரே முகத்தோடு சொன்னான். வெற்றுக் கேசட்காரர்கள் கட்டுப்பாட்டுக் குழு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றும் கொடுக்காமல் வைத்திருக்கும் கூட்டம். ஹமீதா பானுவின் சீட்டு அதில் விழுந்தது. அவள் கணவர் மீரா உசேன் பேசிய கேசட் கிளமென்ட்டின் தோள்பையிலேயே கிடந்தது.

அடுத்த முறை போனபோது பக்கத்து வீட்டு கமருன்னிஸா வாசலில் மறித்தாள்.

"என்ன கேசட்டுப்பா குடுத்தே அவளுக்கு? அவ விடுற கொறட்டையில எங்க வீட்டுக் கொடியில காயிற துணியெல்லாம் ஒரே பக்கமா பறக்குது."

கிளமென்ட் கொடியைப் போய்ப் பார்த்தான். பாவாடை ஒன்று வேலி தாண்டிக் கிடந்தது.

ஹமீதா பானு காபியோடு வந்தாள். "மச்சான் அதுல ஒண்ணுமே பேசலீங்க தம்பி. வீட்லயும் அப்படித்தான். பக்கத்துல உக்காந்திருப்பாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க. மூச்சு மட்டும் கேக்குது. அத கேட்டுக்கிட்டே தூங்கிடறேன்."

வெறும் மாவு மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கியவனுக்குத் தலைவலி போனால், அது பொய்ம்மருந்து விளைவு. அதுவே எதிரில் வந்து காபி கொடுக்கிறது. கிளமென்ட் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தான். அவள் கேசட்டை முந்தானையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவனுக்குக் காது இரண்டும் சுட்டன.

"அக்கா, அது வெத்துக் கேசட்டுங்க. அவர் பேசினது எங்கிட்ட இருக்கு."

ஏன் என்று விளக்கினான். கல்லூரியில் கம்பீரமாக நடந்த வார்த்தைகள் அந்த வீட்டுக்குள் வேட்டி அவிழ்ந்து நின்றன.

"ஒரே சகன் தட்டுல நாலு பேர உக்கார வச்சு, ரெண்டு பேரு பக்கம் மட்டும் கறிய வைக்கிறது," என்றாள் பின்னாலேயே உள்ளே வந்திருந்த கமருன்னிஸா. "இதுக்குப் படிப்பு வேற."

ஹமீதா பானு கையை நீட்டினாள். கேசட்டைக் கொடுத்தான். டேப்ரிக்கார்டர் பேசியது.

"பானு, பெருநாள் அன்னிக்கு அஸர் தொழுதுட்டு எஸ்டிடி பூத்துக்குப் போன் போடுறேன். புள்ள ரிஃப்காவையும் கூட்டிக்கிட்டு வந்து நில்லு. ஒன் கொரலக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

பெருநாள் போய் வெகுநாளாகியிருந்தது.

"போன் அடிச்சு அடிச்சு நின்னுருக்கும்," என்றாள் ஹமீதா பானு. அவள் திட்டினால் தேவலை போலிருந்தது கிளமென்ட்டுக்கு.

"காபியக் குடிங்க தம்பி, ஆறுது."

குடித்தான்.

ஆராய்ச்சியை அத்தோடு விட்டான். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு எஸ்டிடி பூத் வாசலில் நின்றான், மீரா உசேன் மறுபடி கூப்பிட்டால் குற்றம் தன்னுடையது என்று சொல்வதற்கு. அசையாமல் நின்றதில் தோள்பைக்குள் குருவி கூடு கட்டி முட்டையிட்டது. உள்ளே மணி அடிக்கும்போதெல்லாம் அவன் தலை குனிந்துகொண்டது.

கையில் அள்ளிய குடமுருட்டித் தண்ணீர் இதற்குள் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மீரா உசேன் இதுவரை திருச்சியைத் தாண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.