ஒரே வரியில் செத்தவள்

உஷாராணி எழுதிய கதை மூன்றே பக்கம். அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒரு பெண் துணி காயப்போடும்போது பாடுவாள். ஒருநாள் பாட்டு நின்றுபோகும். அப்புறம் ஒரு காலையில் ஆம்புலன்ஸ் வந்து அவள் உடலை ஏற்றிக்கொண்டு போகும். அவ்வளவுதான்.

கிள்ளானில் சிறியதாக ஒரு பதிப்பகம் நடத்திவந்த சபாபதி, தான் வெளியிடவிருந்த சிறுகதைத் தொகுப்புக்காக அந்தக் கதையைக் கேட்டு வாங்கியிருந்தார். படித்துவிட்டு நேரில் வரச் சொன்னார். சனிக்கிழமை உஷாராணி பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் போனாள்.

"எழுத்து நல்லா இருக்கும்மா. ஆனா இது கதை இல்ல, கதைச் சுருக்கம். ஒரு உசுர ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அவ ஏன் பாடுறத நிறுத்துனா? வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சு?"

"வாசகர் யோசிக்கட்டும்னு விட்டேன், சார்."

"வாசகருக்கு விட்டீங்களா, இல்ல உங்களுக்கே தெரியாதா? உள்ள போய்ப் பாத்து எழுதுங்க. இன்னும் நிறைய வரணும்."

திரும்பும் ரயிலில் அந்தக் கேள்வி அவளைவிட்டு இறங்கவில்லை. அந்தப் பெண் முழுக்கக் கற்பனையில்லை. உஷாராணியின் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் சிவமலர்தான் அவள். ரவாங்கில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் சமையலறை ஜன்னலோரம் பாடிக்கொண்டே துணி உலர்த்துவாள். பாட்டு நின்றதும் நிஜம். ஆம்புலன்ஸ் மட்டும்தான் உஷாராணி சேர்த்தது.

மறுநாள் காலை மடிக்கணினியைத் திறந்தாள். 'வீட்டுக்குள்' என்று அடித்தாள். அதற்குமேல் ஓடவில்லை. சிவமலரைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது பங்குனி மாதம். இடையில் ஒருமுறைகூடப் பார்த்ததாக நினைவில்லை. எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே குனிந்து பார்த்தாள். கீழ்வீட்டுக் கம்பில் ஆண் சட்டைகள் மட்டும் தொங்கின.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மத்தியானம், முறுக்கு வந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கீழே இறங்கினாள். கிரில் கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது. யாரும் இல்லை போலும் என்று திரும்பியபோது, உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சிவமலர்? நான்தான், மேல் வீட்டு உஷாக்கா."

தண்ணீர் நின்றது. பிறகு கதவுக்கு மறுபுறம், மிகத் தாழ்வாக ஒரு குரல்.

"போயிடுங்கக்கா. மேல கேமரா இருக்கு."

உஷாராணி நிமிர்ந்தாள். நிலைக்கு மேலே கைக்கடக்கமான வெள்ளைக் கேமரா ஒன்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை சிவமலரின் கணவன் விமலன் மேலே வந்தான். கார் விற்கும் கடையில் வேலை. லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கட்டடத்தில் அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆளில்லை. கையில் சூடான கறிபாப் பலகாரப் பொட்டலம்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்தீங்க போல, அக்கா."

"டப்பா குடுக்க வந்தேன். பூட்டியிருந்துச்சு."

"அவளுக்கு மனசு சரியில்லக்கா. தெறந்து விட்டா ஓடிடுறா. டாக்டர்தான் பூட்டி வைக்கச் சொன்னாரு. இனிமே ஏதாச்சும் வேணும்னா எனக்கு மெசேஜ் போடுங்க." சிரித்தான். "செவ்வாயும் வியாழனும்தானே நீங்க வீட்ல இருந்து வேலை செய்றீங்க?"

அதை அவள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் போனதும் அவள் கணவர் திருச்செல்வம் கதவைத் தாழிட்டார். "அடுத்தவன் குடும்ப விஷயம். விடு லா, உஷா. இதே மாடிப்படியிலதான் நாமளும் ஏறி இறங்கணும்."

அவள் மறுபடியும் எழுத உட்கார்ந்தாள். கதையில் மாடியிலிருக்கும் பெண் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அடுத்த வரியை எப்படித் திருப்பினாலும் ஆம்புலன்ஸ்தான் வந்து நின்றது. சபாபதி கேட்டபோது தெரியாது என்று நினைத்தாளே, அது பொய். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று பக்கத்தில் முடித்துக்கொண்டு ஓடிவந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகாமல், விமலனின் கார் வளாகத்தைவிட்டு வெளியேறும்வரை ஜன்னலோரம் நின்றாள். அப்புறம் போலீசை அழைத்தாள்.

போலீசுடன் பொம்பா வண்டியும் வந்தது. தீயணைப்புக்காரர்கள் பூட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போதே விமலன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கேமராவில் பார்த்திருப்பான். போலீஸ்காரர்களிடம் மலாயில் பணிவாகப் பேசினான்; மனைவிக்கு நோய், மருந்து கொடுக்கிறேன், ஒன்றும் பிரச்சினையில்லை என்றான். பூட்டு கீழே விழுந்தது.

சிவமலர் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூந்தல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. எப்போதோ முறிந்த இடது கை, வைத்தியமில்லாமல் கோணலாகவே கூடியிருந்தது. எழுந்து நடக்கத் தெம்பில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி உஷாராணியைப் பார்த்தாள்.

கீழே ஆம்புலன்ஸ் நின்றது. உஷாராணி எழுதியிருந்த அதே காலை வெயில், அதே வாசல். சக்கரக் கட்டிலோடு ஒட்டி நடந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஏறி இறங்கியது. கைவிலங்கோடு அவளைக் கடந்தபோது விமலன் வழக்கம்போலச் சிரித்தான்.

வழக்குப் பதிவானது. சில வாரங்களில் அவன் ஜாமீனில் வெளியே வந்தான். மனைவியை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. கதை எப்போது வரும் என்று சபாபதி கேட்டார். "வளருது சார். என்னால அவசரப்படுத்த முடியல" என்றாள் உஷாராணி.

ஒரு ஞாயிறு ரவாங்குக்குப் போனாள். சிவமலர் தன் அக்கா வீட்டில் இருந்தாள். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. கைக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தேநீர் குடித்தபடியே உஷாராணி கதையைப் பற்றிச் சொன்னாள். அந்த ஆம்புலன்ஸ் வரியையும் மறைக்கவில்லை.

சிவமலர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்கக்கா. உள்ள என்ன நடந்துச்சுன்னு நானே சொல்றேன். ஆனா சாகடிச்சிறாதீங்க."

மேசைமேல் இருந்த அவள் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் பெயரில்லாத எண். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

"யாரு?"

"தெனமும் வரும். வேற வேற நம்பர். எடுத்தா பேச்சே இருக்காது, மூச்சு மட்டும்தான். இன்னிக்கு காலையில மட்டும் அவரு பேசுனாரு. இந்த வீட்டு கேட் என்ன கலர்னு சரியா சொன்னாரு."

சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றாள். உஷாராணி ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் வரிசையாகக் கார்கள் நின்றன. எதில் ஆள் இருக்கிறது என்று தெரியவில்லை.

அவள் கையை நீட்டினாள். "ஃபோன இங்க குடு. நான் ரெக்கார்ட் பண்ணிட்டே பேசுறேன். நீ கதவப் பூட்டிட்டு வந்து என் பக்கத்துல உக்காரு."