சோற்றுக்கல்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாத்தனாரின் கண்கள் சிவந்திருந்ததைக் கண்ணாடிக்காரம்மா கவனித்துவிட்டாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கிறவள் அவள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்க்கிறவளுக்கு அழுத கண் வேறு, தூங்காத கண் வேறு என்று தெரியாதா. இது தூங்காத கண். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியை முடித்து, நர்ஸ் உடையைப் பையில் திணித்துக்கொண்டு நேராக வந்திருக்கிறாள். இன்னொரு நாள் வைத்துக்கொண்டிருக்கலாமே என்றதற்கு, "இன்னொரு நாள்னு விட்டா அது வராது அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மழை விட்டுப் புல் காய்ந்து போவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சின்ன மலையில் ஏறுவது அவர்கள் வழக்கம். இதை மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். கொஞ்சம் செம்மண் பாதை, கொஞ்சம் படிக்கட்டு, நன்றாக மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் உச்சி. ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் மேலே நின்றால் நாலு திசையும் தெரியும். முன்பு மூன்று பேராக ஏறுவார்கள். நாத்தனாரின் அண்ணன், அதாவது கண்ணாடிக்காரம்மாவின் கணவன், கையை வீசிக்கொண்டு முன்னால் போவான். அவன் வேறொருத்தியோடு வேறு ஊரில் குடியேறிய பிறகு புகுந்த வீட்டு உறவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சண்டை என்று எதுவும் இல்லை. போன் வருவது குறைந்தது. நல்லது கெட்டதற்குச் சொல்லியனுப்புவது நின்றது. தெருவில் எதிரே வந்தால் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் குனிந்துகொண்டு போனார்கள். இவள் ஒருத்திதான் விடாமல் வருகிறாள்.

கண்ணாடிக்காரம்மா அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது நாத்தனார் இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பெண். மாமியார் "இந்தா" என்று கூப்பிடுவாள். மாமனார் யாரையுமே எதுவும் சொல்லிக் கூப்பிடாதவர். கணவன் கை தட்டுவான். அந்த வீட்டில் அவளை உறவுமுறை சொல்லி முதலில் அழைத்தது அந்தச் சுண்டெலிதான். அண்ணி, ரிப்பன் எங்க. அண்ணி, கணக்கு வரல. அண்ணி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நர்ஸ் படிப்பெல்லாம் வேண்டாம் என்று வீடே குதித்தபோது மாமனாருக்கு எதிரே நின்று அவள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை குரலை உயர்த்தியதும் இவளுக்காகத்தான். பிள்ளை பிறக்காத வீட்டில் வளர்த்து ஆளாக்கக் கிடைத்தது இவள் மட்டுமே. இப்போது கடையில் அவள் கண்ணாடிக்காரம்மா, குடியிருக்கும் தெருவில் மாடிவீட்டம்மா, பாங்கில் மேடம். அண்ணி என்று கூப்பிட ஒரே ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது.

பாதி மலையில் பாதையோரமாகத் தட்டையான ஒரு பெரிய கல் கிடக்கிறது. சோற்றுக்கல் என்று பெயர். பக்கத்தில் நட்டிருக்கும் பலகையை நாத்தனார் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் சத்தமாகப் படிப்பாள். கொள்ளைநோய்க் காலத்தில் நோய் கண்டவர்களை மலைமேல் குடிசை கட்டி வைத்தார்கள். மேலே உள்ளவர்கள் கீழே இறங்கக்கூடாது, கீழே உள்ளவர்கள் மேலே ஏறக்கூடாது. சொந்தக்காரர்கள் சோற்று மூட்டையை இந்தக் கல்லில் வைத்துவிட்டு, கீழே மரங்களுக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பார்கள். எடுக்க ஆள் இறங்கி வந்தால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். நேற்று வைத்த மூட்டை பிரிக்காமல் கிடந்தால் என்ன என்பதைப் பலகை சொல்லாது. அந்த இடத்தில் நாகரிகமாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

"பேர் எழுதி வச்சிருப்பாங்களா அண்ணி, மூட்டைமேல? மாறிப் போயிடாதா?" என்று கேட்டாள் நாத்தனார். முடிச்சைப் பார்த்தே யார் வீட்டு மூட்டை என்று தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரம்மா கல்லின்மேல் உட்கார்ந்து, அவித்த முட்டையை உரிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் போன் அடித்தது. நாத்தனார் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், சிக்னல் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வளைவைத் தாண்டிப் போய் நின்றாள். ஆள் மறைந்தாலும் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"பதறாதீங்க அண்ணி."

"என்ன?" என்று திரும்பினாள் கண்ணாடிக்காரம்மா. கையில் பாதி உரித்த முட்டை இருந்தது. பின்னால் புல்தான் அசைந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் தொடர்ந்து வந்தது. உடம்பு மட்டும் சூடா, கைகாலும் சூடா. பால் குடிக்கிறானா. ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், தலைக்கு ஊற்றவேண்டாம். அந்த நிதானமான நர்ஸ் குரலை அவள் அறிவாள். மாமியார் சாகக் கிடந்தபோது அவளையே தேற்றிய குரல் அது. கணவனுக்கு அங்கே குழந்தை பிறந்திருக்கிறது. பையன். அது இரண்டாவதாகத்தான் மனதுக்கு எட்டியது. முதலில் எட்டியது, அந்த 'அண்ணி' தன்னுடையது என்று நினைத்துத் தான் திரும்பிப் பார்த்ததுதான். பஸ்ஸில் யாரோ யாருக்கோ கை ஆட்ட, நாமும் பதிலுக்கு ஆட்டிவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்போமே, அப்படி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. இருந்தும் முகம் சுட்டது.

நாத்தனார் திரும்பி வந்தபோது முட்டைகள் உப்புத்தூள் தூவித் தயாராக இருந்தன. வார்டிலிருந்து போன் என்றாள். கண்ணாடிக்காரம்மா தலையாட்டினாள். மீதி மலையை இருவரும் ஏறினார்கள்.

உச்சியில் கூரையில்லாத சில கற்சுவர்களும், நோயாளிகள் அடுப்பு வைத்த கரி படிந்த மூலைகளும் மட்டும்தான் மிச்சம். அங்கே நின்றால் ஆறு மொத்தமும் தெரியும், வயல்களுக்கு நடுவே யாரோ அவசரத்தில் போட்டுவிட்டுப் போன நாடாவைப்போல. ரயில் பாதை, செங்கல் சூளைகளின் புகை, தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் ஊர். நம் வீடு எங்கே என்று தேடுவதுதான் எப்போதும் முதல் வேலை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து இடது பக்கம் வந்தால் பச்சைத் தகரக் கூரை, அதற்கு அடுத்த மாடி. கண்ணாடிக்காரம்மா கண்டுபிடித்துவிட்டாள். கொடியில் தான் காலையில் உலர்த்திய போர்வைகூடத் தெரிவதுபோல் இருந்தது. அவ்வளவு பெரிய ஊரில் அந்த மாடியில் மட்டும் ஒரே ஒரு போர்வை. திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் வேறு திசையில், ஆற்றுக்கு அப்பால் புழுதி மறைத்திருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் திசையில்தான் அவளுடைய அண்ணன் இருக்கும் ஊர்.

பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பெண் படம் எடுத்துத் தரச்சொல்லிப் போனை நீட்டினாள். நாத்தனார் எடுத்துக் கொடுத்தாள். போனைத் திரும்ப வாங்கியவள், உங்களையும் சேர்த்து ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, "அக்கா தங்கச்சியா?" என்றாள்.

"இல்ல" என்றாள் கண்ணாடிக்காரம்மா. "தெரிஞ்சவங்க."

சொன்ன பிறகு நாக்கில் கசந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே படத்தை எடுத்தாள். படத்தில் இருவருக்கும் நடுவே இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்திருக்கும்.

இறங்கும்போது படிக்கட்டு முடியும் இடத்தில் நாத்தனார் நின்றுவிட்டாள்.

"தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டீங்களே."

"காத்து இந்தப் பக்கமா அடிச்சுதுடி" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

நாத்தனார் அந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் வீட்டில் இருப்பவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ரொம்ப நாள் எந்த முறையும் வைக்காமலே ஓட்டியிருக்கிறாள். இங்க பாருங்க, கேட்டீங்களா, இதை வச்சுக்குங்க என்றே பேச்சை நகர்த்தியிருக்கிறாள். பிரசவம் சிக்கலாகி, அண்ணன் வெளியூரில் மாட்டிக்கொண்ட நேரத்தில், உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தான். "அவங்க பயந்து கத்தினாங்க. என்னைத் தவிர ஆளில்ல. வாயில வந்துடுச்சு. ஒரு தடவை சொன்னதுக்கப்புறம் எப்படி நிறுத்தறது?"

வெயில் சாய்ந்திருந்தது. கீழே எங்கோ ஆடுகளின் மணிச்சத்தம் கேட்டது. கோபப்படலாமா என்று கண்ணாடிக்காரம்மா தனக்குள் தேடிப் பார்த்தாள். பிரசவ அறையில் பயந்து கத்தும் ஒருத்தியின் கையை விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று இவளிடம் எப்படிச் சொல்வது. தான் வளர்த்த பெண் அப்படி விட்டுவிட்டு வருகிறவளாக இருந்தால் அதற்கும் தனக்குத்தானே வருத்தம்.

"பையன் யார் சாடை?"

"அம்மா சாடை. மூக்கு அப்படியே."

"உங்கம்மா மூக்கா? பாவம்டி. கண்ணாடி போட்டா நிக்கவே நிக்காது."

நாத்தனார் குபீரென்று சிரித்தாள். அவளும் சிரித்தாள். முதலில் நிறுத்தியது கண்ணாடிக்காரம்மாதான். "என்னை இனிமே பேர் சொல்லிக் கூப்பிடு. ஒரே வார்த்தையை எத்தனை பேருக்குப் பங்கு போடுவ" என்றாள். குத்திக் காட்டவில்லை, சௌகரியத்துக்காகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கீழ்ப்படிகிற பிள்ளையாக அவள் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். புறநோயாளி வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. இருவருக்குமே அது கேட்டது.

"எனக்கு வரல."

"பழகிடும்" என்று கையை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள் கண்ணாடிக்காரம்மா.

கீழே பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததும் நாத்தனார் இன்றைக்கும் இரவு டியூட்டிதான் என்றாள். இந்த பஸ்ஸை விட்டால் போய்ச் சேரமுடியாது, கை காட்டாவிட்டால் நிற்கவும் மாட்டான் என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் பேச்சு நடுவில் அறுந்தது. தலை மெல்லச் சரிந்து கண்ணாடிக்காரம்மாவின் தோளில் விழுந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் பாடப் புத்தகத்தோடு தூங்கிவிழும் அதே கனம், கொஞ்சம் கூடியிருந்தது. சாயங்கால வெயில் கூரைக்குக் கீழாக நுழைந்து நேராக அந்த முகத்தில் அடித்தது. இமைகள் துடித்தன. கண்ணாடிக்காரம்மா வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, அந்த முகத்துக்கு முன்னால் பிடித்தாள். கண்கள் இரண்டும் நிழலுக்குள் அடங்கின. மூச்சு சீரானது.

தூரத்து வளைவில் பஸ்ஸின் முன்கண்ணாடி ஒரு முறை மின்னி மறைந்தது. அடுத்த மேட்டில் மறுபடியும் தெரிந்தது. இடது தோள் தலைக்கடியில் மரத்துப் போயிருந்தது. வலது கையை எடுத்தால் வெயில் விழும். ஓட்டுநர் நிறுத்தத்தில் ஆள் இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும், வண்டியின் வேகம் லேசாகக் குறைந்தது. கை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே அவன் நெருங்கி வந்தான். அந்தக் கை வெயிலுக்கும் அந்த முகத்துக்கும் நடுவில், விரல் நுனிகள் சிவந்து ஒளிர, நின்றுகொண்டிருந்தது.